நாடியும் கன்னமும்: முகச் சீரமைப்பு யாருக்காக?

(மேகமலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அடிவாரத்து ஊர்களின் மாணவர்களும் கூடிய பொது அரங்கில், முகத்தாடை அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பூப்பெயர் சூட்டிய 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சின்னமனூரிலிருந்து ஏறி வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, பெரியோர்களே, உங்கள் முன் நிற்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்.

முகவாயையும் கன்னத்தையும் அறுவை செய்து திருத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் பக்கத்தில் முகவாயை நாடி என்போம், தாவாங்கட்டை என்போம். தலைப்பைக் கேட்டதும் உங்களில் பலருக்குச் சினிமா நடிகர்கள் நினைவுக்கு வந்திருக்கலாம். பணம் படைத்தவர்களுக்கு உரிய பேச்சு, நமக்கென்ன என்றும் தோன்றியிருக்கலாம். அந்த எண்ணத்தை மாற்றத்தான் வந்திருக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் இந்த அறுவை யாருக்கு உண்மையாகவே வேண்டுமோ, அது தங்களுக்கு உரியது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. யாருக்கு வேண்டாமோ, அவர்களிடம் கைப்பேசி வழியாக அன்றாடம் கூவி விற்கிறார்கள். இரண்டும் மாற வேண்டும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. எல்லாரும் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்குச் சற்று முன்னால் வையுங்கள். வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடையின் இரு முனைகளும் மண்டையோட்டில் வந்து பொருந்தும் இடம் அது. வளரும் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை நீள்வதில் அந்த முனைக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது மூன்று வயதுப் பிள்ளை ஒன்று லைன் வீட்டுப் படியில் ஓடிவந்து தவறி, நாடி தரையில் மோத விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடியில் தோல் கிழிந்து இரத்தம் வருகிறது. அம்மா பதறித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இரண்டு தையல் போடுகிறார்கள், ஒரு வாரத்தில் புண் ஆறிவிடுகிறது. ஆனால் நாடியில் விழுந்த அடி அங்கேயே நின்றுவிடாது. எலும்பு வழியே மேலேறி, நீங்கள் இப்போது தொட்டுப் பார்த்தீர்களே, அந்த முனையை உடைக்கலாம். வெளியே காயம் இல்லாததால் அதை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே கசிந்த இரத்தம் உறைந்து, சில பிள்ளைகளுக்கு அது எலும்பாகவே மாறி, மூட்டு மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது குறையும். முதலில் இட்லியைப் பிய்த்துச் சிறிதாக ஊட்ட வேண்டியிருக்கும், பிறகு கஞ்சிதான் இறங்கும். பல் துலக்கப் பிரஷ் நுழையாது, கடைவாய்ப் பற்கள் சொத்தையாகும்.

அதோடு தாடையின் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு உடம்பு வளர்கிறது, மேல்முகம் வளர்கிறது, நாடி மட்டும் மூன்று வயதுப் பிள்ளையினுடையதாகவே நிற்கிறது. ஒரு பக்க மூட்டு மட்டும் ஒட்டியிருந்தால் நாடி அந்தப் பக்கமாகக் கோணிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வந்துவிடும். இரவில் நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சுக்குழலை அடைக்கும். குறட்டை விட்டு, மூச்சு நின்று, திடுக்கிட்டு விழித்து, மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் அந்தப் பிள்ளையை மந்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மந்தமில்லை. அதற்கு இரவெல்லாம் மூச்சு போதவில்லை.

இந்தப் பிள்ளைக்குச் செய்யும் நாடிச் சீரமைப்பை அழகு அறுவை என்று யாராவது சொல்வார்களா? முதலில், ஒட்டிப்போன எலும்பை வெட்டி எடுத்து, மறுபடி ஒட்டாதபடி நெற்றிப்பொட்டுத் தசையிலிருந்து ஒரு பகுதியை இடையில் வைப்போம். வாய் திறக்கும். அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். மெல்லிய மரக்குச்சிகளை அடுக்கிப் பல் இடுக்கில் செருகி, நாளுக்கு நாள் ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போக வேண்டும். வலிக்கும், பிள்ளை அழும். அந்தப் பயிற்சியை விடாமல் செய்யவைக்கும் அம்மாதான் அந்த அறுவையின் பாதி மருத்துவர்.

அடுத்தது நாடியை நீட்டுவது. சைபீரியாவில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950களில் கால் எலும்பை நீட்டும் வழியைக் கண்டார். எலும்பை வெட்டி, இரு துண்டுகளையும் மெல்ல விலக்கிக்கொண்டே போனால் இடைவெளியில் புது எலும்பு ஊறும். அதே முறையில் தாடையை நீட்டியதை நியூயார்க் மருத்துவர் மெக்கார்த்தியும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்டார்கள். தாடையில் சிறு கருவியைப் பொருத்தி, சில நாள் பொறுத்து, பிறகு அதன் திருகை நாள்தோறும் திருகுவோம். நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும். 15 நாளில் ஒன்றரை சென்டிமீட்டர் எலும்பு, அந்தப் பிள்ளையின் சொந்த எலும்பு, புதிதாக வந்திருக்கும். நாக்கு முன்னுக்கு வரும், மூச்சுக்குழல் விரியும், இரவில் பிள்ளை அமைதியாக உறங்கும். முகமும் சீராகும்.

இதையெல்லாம் தவிர்க்க வழி உண்டு. நாடி அடிபட விழுந்த எந்தப் பிள்ளைக்கும் தையல் போட்டதோடு நின்றுவிடாமல் தாடை மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் வாய் திறக்கும் பயிற்சியே போதும். வீட்டில் நீங்களே சோதிக்கலாம். பிள்ளை தன்னுடைய மூன்று விரல்களை நெட்டுக்கு அடுக்கி முன்பற்களுக்கு இடையில் வைக்கட்டும். நுழையவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து கன்னம்.

சின்னமனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களை அறியாதவர் இங்கில்லை. வெற்றிலை நம் மங்கலப் பொருள், அதன் மேல் எனக்குக் குறையில்லை. அதோடு சேரும் புகையிலையும் பாக்கும்தான் கொல்கின்றன. குளிருக்கு இதமாக இருக்கும், பசி தெரியாது, களைப்புத் தெரியாது என்று காலையில் கன்னத்தில் அதக்கிய புகையிலையைச் சாயங்காலம் வரை மாற்றி மாற்றி அதக்குகிறவர்கள் தோட்டத்திலும் உண்டு, வயலிலும் உண்டு. இந்தியாவில் வாய்ப்புற்று மிகுதியாக வரும் இடமே கன்னத்தின் உட்புறமும் அதையொட்டிய ஈறும்தான். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013இல் தடை வந்தது. இருந்தும் பாக்கெட்டுகள் எங்கே கிடைக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்திருக்கிறது.

கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் தாங்கமுடியாத எரிச்சல், வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண் ஆகியவை வந்தால் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலி இருக்காது. வலி வரும்போது நாள் கடந்திருக்கும்.

நாள் கடந்து வருகிறவருக்குக் கன்னத்தை முழுத் தடிமனுக்கும் வெட்டியெடுக்க நேரும், சிலருக்குத் தாடை எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் மருத்துவமனையை விட்டு ஓடிவிடுகிறார்கள். கன்னத்தில் ஓட்டையோடு பேத்திக்கு முன்னால் எப்படி உட்காருவேன், குடிக்கிற தண்ணீர் வெளியே ஒழுகுமே என்று அஞ்சுகிறார்கள். அவர்களிடம் ஒன்றை உரக்கச் சொல்ல விரும்புகிறேன். கன்னத்தை எடுக்கும் அதே மேசையில், அதே மயக்கத்தில், புதுக் கன்னத்தை வைத்துவிட முடியும். மார்புத் தசையைத் தோலோடு சேர்த்து, அதன் இரத்தக்குழாய் அறுபடாமல், கழுத்தின் வழியே மேலே கொண்டுவந்து கன்னமாக்கும் முறையை ஏரியன் என்ற அமெரிக்க மருத்துவர் 1979இல் விளக்கினார். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் எத்தனையோ ஏழைகளின் கன்னம் இன்றைக்கு அந்த முறையால் மூடியிருக்கிறது.

நாடி எலும்பே போனவருக்குக் காலிலிருந்து எடுப்போம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடல் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உட்பக்கத்துப் பருத்த எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பில் மேல்முனையையும் கணுக்கால் முனையையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்தால் மனிதர் மறுபடி நடக்கலாம், வேலைக்கும் போகலாம். அந்த எலும்பை அதன் தமனி, சிரைகளோடு எடுத்து, இரண்டு மூன்று இடங்களில் ஆப்பு வடிவில் அறுத்து, நாடியின் வளைவுக்கு மடக்கித் தகடு வைத்துத் திருகுவோம். பிறகு நுண்ணோக்கிக்குக் கீழே, தலைமயிரைவிட மெல்லிய நூலால், 2, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள இரத்தக்குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு தைப்போம். கவ்வியைத் தளர்த்தியதும் வெளிறிக் கிடந்த தசையில் சிவப்பு ஏறும். அந்த நொடியில் அறுவை அரங்கில் நிற்கும் எல்லாரும் மூச்சு விடுவார்கள். காலெலும்பால் தாடை செய்யும் இந்த முறையை ஹிடால்கோ என்ற மருத்துவர் 1989இல் வெளியிட்டார்.

மூன்றாவதாக, விபத்து. இந்த மலைப்பாதையில் இருசக்கர வண்டியில் தலைக்கவசம் இல்லாமல் இறங்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. கன்ன எலும்பு உடைந்தால் கன்னம் பள்ளமாகும், கண் இறங்கும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். இரண்டு வாரத்துக்குள் சீர்செய்வது எளிது, தப்பான இடத்தில் எலும்பு கூடிவிட்டால் மறுபடி உடைத்துத்தான் நிமிர்த்த வேண்டும். வீக்கம் வடியட்டும் என்று ஊரில் கட்டுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். காட்டோரம் வேலை செய்வோருக்குக் கரடியும் ஓர் ஆபத்து. திடுக்கிட்ட கரடி எழுந்து முகத்தில் அறையும், கன்னத்துத் தசை கிழிந்து தொங்கும். தொங்கும் தசையை வெட்டி எறியக் கூடாது. சுத்தமான துணியால் அதன் இடத்திலேயே வைத்து மூடி, 108ஐ அழைத்து, விரைவாகக் கொண்டுவாருங்கள். முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம், செத்துவிட்டது போலத் தோன்றும் தசையும் பிழைத்துக்கொள்ளும்.

இனி, அழகுக்காகச் செய்துகொள்வதைப் பற்றி. இளைஞர்கள் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பீர்கள்.

அழகாக இருக்க விரும்புவதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். தாடை மிகவும் உள்வாங்கி, பற்கள் பொருந்தாமல், சிரிக்கக் கூசிப் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் வளர்ச்சி முடிந்தபின், 18 வயதுக்கு மேல், முறையான மருத்துவரிடம் அறுவை செய்துகொண்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நாடியை முன்னுக்குக் கொண்டுவரும் அறுவையில் முழு மயக்கம் கொடுத்து, கீழுதட்டின் உட்புறம் கீறி, எலும்பை வெளிப்படுத்துவோம். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் இருபுறமும் சிறு துளை வழியே ஒரு நரம்பு வெளியே வரும். கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே, பல்வேரையும் தொடாமல், எலும்பைக் குறுக்கே அறுத்து, கீழ்த்துண்டை முன்னுக்கு நகர்த்தி, டைட்டானியத் தகட்டால் இறுக்குவோம். நரம்பு இழுபட்டால் உதடு மரத்துப்போகும். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. நாடித் தசையை மறுபடி உயர்த்தித் தைக்காமல் விட்டால் நாடி தொங்கிவிடும். சிலிக்கோன் வைத்தால் அது நகரலாம், கிருமி தொற்றலாம், அடியிலுள்ள எலும்பு கரையலாம். ஊசியில் நிரப்பும் ஜெல் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் கரையும், மறுபடி செலவு. இரத்தக்குழாய்க்குள் ஏறிவிட்டால் தோல் அழுகும், அரிதாகப் பார்வையே போய்விடும்.

கன்னம் ஒட்டினாற்போல் இருந்தால்தான் அழகு என்று உள்கன்னக் கொழுப்பை எடுத்துவிடுகிறார்கள். இருபதில் எடுத்தவருக்கு நாற்பதில் என்ன ஆகும்? வயதாக ஆக முகக்கொழுப்பு தானாகவே குறையும். அப்போது கன்னம் குழிவிழும். எடுத்ததைத் திருப்பி வைப்பது எளிதில்லை.

எது அழகு என்பதும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். உங்கள் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். தேனி, மதுரை வட்டாரங்களில் தண்டட்டியும் பாம்படமும் தொங்கத் தோளைத் தொடும் காதோடு நடந்த தலைமுறை அது. பெண் குழந்தைக்குக் காது குத்தி, பஞ்சு வைத்து, ஓலைச்சுருள் வைத்து, ஈயக் குணுக்கு மாட்டிப் பாரம் ஏற்றி ஏற்றிக் காதை வளர்த்தார்கள். வளர்க்காத காது மூளிக்காது என்று ஏச்சு வாங்கியது. பிறகு காலம் மாறியது. கம்மல் வந்தது. அதே காதைக் கூச்சத்தோடு அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். காதுமடல் கிழிந்தவருக்கு அதைச் சேர்க்கும் 15 வழிகளைப் பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை சொல்கிறது, மடலே இல்லாதவருக்குக் கன்னத்துத் தோலை எடுத்து மடல் செய்யவும் சொல்கிறது. எந்தக் காதை அழகு என்று தாய் வளர்த்தாளோ, அதை மகள் அழகில்லை என்று தைத்துக்கொண்டாள். காது வெறும் தோலும் சதையும், தைக்க முடிந்தது. சீவி எடுத்த தாடை எலும்பு அடுத்த தலைமுறையின் ரசனைக்கு ஏற்றபடி மறுபடி முளைக்காது.

இன்னொன்று, உங்கள் கைப்பேசி காட்டும் முகம் உங்கள் முகம் இல்லை. ஓர் அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தை நம்பி யாரும் கத்திக்குக் கீழே படுக்கக் கூடாது.

தென்கொரியாவில் முகத்தை வெற்றிலை நுனி போலக் கூராக்கத் தாடையைச் சீவுவது பெரும் தொழில். 2016இல் சியோலில் கல்லூரி மாணவர் ஒருவர் அந்த அறுவைக்குப் போனார். இரத்தம் ஒழுகிக்கொண்டிருக்க, அறுவை மருத்துவர் வேறு அறைக்குப் போய்விட்டார். நினைவு திரும்பாமலேயே 49 நாள் கழித்து அந்த இளைஞர் இறந்தார். அவருடைய தாய் அறுவை அரங்கின் கேமராப் பதிவைப் பெற்று, திரும்பத் திரும்பப் பார்த்து, யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்று குறித்து, ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்ற வாசலில் நின்று போராடினார். அறுவை அரங்குகளில் கேமரா கட்டாயம் என்ற சட்டம் 2021இல் நிறைவேறி 2023இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தாய்க்கு மகன் திரும்பவில்லை.

நம் நாட்டிலும் 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பயிலரங்கில் பார்த்தோ யூடியூபில் பார்த்தோ கற்றது இத்தகைய சிகிச்சைகளுக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே கேளுங்கள். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டமோ, முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். பட்டமோ பெற்றவரா? மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன? மயக்க மருத்துவர் கூடவே இருப்பாரா? அந்த இடத்துக்கு 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்று உண்டா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவரிடம் உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள். தவணையில் கட்டலாம் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் நாடி நீளம், கன்னம் பெரிது என்று சொன்னார்கள் என்பதற்காக மகளை அறுவைக்கு அழைத்துப்போக எண்ணும் பெற்றோருக்கும் ஒரு சொல். மாற வேண்டியது உங்கள் மகளின் எலும்பு இல்லை. அந்த வீட்டுக்கு மகளைக் கொடுக்காதீர்கள்.

நிறைவாக, நாம் செய்ய வேண்டியவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை எடுக்காதவர்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். நோய் வந்தபின் அலைய நேரம் இருக்காது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. உதட்டுப் பிளவோடு பிறக்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்பப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் சிறார் பரிசோதனைத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் தேனி அருகே க.விலக்கில் இருக்கிறது, அடுத்து மதுரையில் இராசாசி மருத்துவமனை இருக்கிறது.

தோட்ட நிர்வாகங்களுக்கும் பேரூராட்சிக்கும் மருத்துவத் துறைக்கும் இந்த மேடையிலிருந்தே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து, மலை இறங்கி, வரிசையில் நின்று ஒரு புண்ணைக் காட்டிவர ஏழையால் முடியாது. அதனால்தான் நாள் கடக்கிறது. வாயையும் தாடையையும் பார்க்கும் மருத்துவர் குழு குறித்த நாளில் மேகமலைக்கு ஏறி வர வேண்டும். பிள்ளைகள் காப்பகத்திலும் பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று விரல் சோதனை நடக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டி வெற்றிலை போடும் ஒவ்வொருவருடைய கன்னத்தையும் ஒரு டார்ச் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம், மனம் மட்டும் வேண்டும்.

உண்ணவும், பேசவும், மூச்சுவிடவும், மனிதரை மனிதர் நேராகப் பார்த்துச் சிரிக்கவும் முகம் வேண்டும். அதைச் சீராக்கும் கலையை மருத்துவம் கற்றிருக்கிறது. அது பணம் கொடுப்போருக்கு முதலிலும் தேவைப்படுவோருக்குக் கடைசியிலும் போய்ச் சேரும் நிலையை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. உங்கள் தெருவில் வாய் திறக்காத ஒரு பிள்ளை இருந்தால், ஆறாத புண்ணோடு ஒரு பெரியவர் இருந்தால், இந்த வாரமே அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். செலவுக்கு வழி இருக்கிறது, சிகிச்சைக்கு ஆள் இருக்கிறது.